கடைசி எலியின் ரத்தம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் எலியக்கா. கட்டிய கணவனே ஆசையாகக் கூப்பிடும்போது அந்தப் பெயரைத்தான் சொல்வான் என்றால் பாருங்களேன்! எலியைத் தூக்கி, வால் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்து, அது கத்துவதற்குள் கூண்டில் விட்டுவிடுவாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். தன்னைப்போல் வருமா என்ற மிதப்பு கொஞ்சம் உண்டுதான்.

அந்தக் கைக்குத்தான் வந்தது வினை. இப்போது நடக்கும் ஆய்வில் பாதி எலிகளைத் தினமும் குறுகலான குழாயில் கொஞ்ச நேரம் அடைத்து வைக்க வேண்டும்; மீதியைச் சும்மா விட வேண்டும். அடைபட்ட எலியின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறும், சும்மா இருப்பதற்கு ஏறாது. அதுதானே நியாயம்? இங்கே சும்மா கிடந்த எலிகளுக்கும் எகிறிக் கிடந்தது. ஆய்வையே நிறுத்தப்போவதாக அதை நடத்தும் பேராசிரியர் சொல்லிவிட்டார். நிறுத்தினால் அவள் வேலையும் போச்சு.

என்ன கோளாறு என்று விசாரிக்க ஒவ்வொருவராகத் தன் அறைக்குள் கூப்பிட்டார். வெளியே பெஞ்சில் எலியக்காதான் கடைசி. முதலில் போன கூண்டு கழுவும் அண்ணன் சிரித்துக்கொண்டேதான் போனார். பக்கத்தில் ஆள் குறையக் குறைய அவளுக்குப் பயம் ஏறிக்கொண்டே போனது. சட்டென்று எழுந்துவிட்டாள். அடக் கடவுளே! ஒரு கூண்டில் ஐந்து எலி. அவற்றையும் இப்படித்தானே ஒவ்வொன்றாகத் தூக்குகிறாள்!

கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

"சார், தப்பு என்னோடதுதான். ஒவ்வொரு கூண்டுலயும் முதல்ல எடுத்த எலியை மட்டும் பாருங்க. கூட இருக்கிறதை ஒண்ணொண்ணா தூக்கிட்டுப் போனா மிச்சம் இருக்கிறது பயப்படாதா?"

அவர் கணினியில் தேடிப் பார்த்தார். சும்மா விட்ட கூண்டுகளில் முதல் எலிக்குக் குறைவு; கடைசி எலிக்குத்தான் உச்சம்.

"சரிம்மா, இப்ப என்ன பண்றது?"

"அஞ்சு பேர் சேர்ந்து ஒரே நேரத்துல தூக்கணும். நான் சொல்லித் தர்றேன்." தன் எலிகளை அடுத்தவர் கையில் கொடுக்க அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சும்மா விட்ட கூண்டு ஒன்றைச் சுற்றி ஐந்து பேர் நின்றார்கள். ஆள் பற்றாததால் பேராசிரியரும் வந்தார். அவள் "ம்" என்றதும் ஐந்து எலிகளும் ஒன்றாக மேலே வந்தன.

"எலி நிம்மதியாத்தான் சார் இருக்கு. நீங்கதான் நடுங்குறீங்க."

சாயங்காலம் முடிவு வந்தது. ஐந்துக்குமே குறைவு! ஆய்வை முதலிலிருந்து தொடங்கலாம் என்றார் பேராசிரியர். எலியக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்போ நாளைக்கும் அஞ்சு பேரும் வந்துடணும்."

"நானுமா?"

"நீங்கதான் சார் முதல்ல."