வேகம் கூட்டிய குரல்

லிந்தால்வாவுக்குக் கோபம் வந்தால் அகப்பையில் தெரியும். அன்று மதியம் மழை விட்டதும் எங்கள் ஆற்றங்கரை ஊரின் குவாமா கடைத்தெருவில் விளம்பர வண்டி வந்தது. கூரையில் கட்டிய ஒலிபெருக்கியில் ஒரு சின்னப் பெண்ணின் கீச்சுக்குரல், "வருது வருது வெள்ளித் திருக்கை, தூக்குடி உன் ரெண்டு கை!" என்று பாடிக்கொண்டே போனது. தகக்கா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் அகப்பையை வெடுக்கென்று சாய்த்தாள். சூடான மஞ்சள் ரசம் சுரைக்குடுவையைத் தாண்டி வாடிக்கையாளரின் சட்டையில் விழுந்தது.

"யக்கா! ரசம் எனக்கா, சட்டைக்கா?"

"வாய மூடிக்கிட்டுக் குடி."

ரசத்தில் கிடந்த ஜாம்புக் கீரையை மென்று நாக்கு மரத்துப் போனபிறகும் அந்த ஆள் சும்மா இருக்கவில்லை. மரத்த நாக்கோடு அதே பாட்டை முணுமுணுத்தான். அகப்பையாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது அவளுக்கு. ஏனென்றால் வண்டியில் போன குரல் அவளுடையது.

நம்ப முடியவில்லையா? அவள் தெருவே நம்பவில்லை. அவள் பேசினால் பெரிய அண்டாவைத் தரையில் இழுப்பது போல இருக்கும். பாட்டிலோ பதினாலு வயதுப் பெண் கீச்சிடுகிறாள். முடிச்சு அங்கேதான் விழுந்தது. அதைப் போட்டுக்கொண்டவளும் அவளேதான்.

அந்தப் பாட்டைப் பாடியபோது அவளுக்கு முப்பது வயது. ஊரில் பழைய ப்ரேகா பாட்டுகள் ஓய்ந்துகொண்டிருந்த நேரம். கண்ணீர் வடிய, இடுப்பைச் சேர்த்துப் பிடித்து மெல்ல ஆடுகிற காதல் பாட்டுகள் அவை. ப்ரேகா என்றால் 'மட்டம்'; படித்தவர்கள் வைத்த அந்தப் பேரையே நம் சனம் கொடியாகத் தூக்கிக்கொண்டது. அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. கண்ணீரைத் துடைத்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்கள். தெக்னோப்ரேகா பிறந்தது. கட்டிலைத் தூக்கி நிறுத்திவிட்டுப் படுக்கையறையையே ஸ்டூடியோ ஆக்கிக்கொண்ட பையன்கள் தெருவுக்குத் தெரு முளைத்தார்கள். அதில் ஒருவன் ஜுராண்டிர்.

அவன் அறையில் மெத்தையைச் சுவரில் சாத்தி, இரைச்சல் விழும் என்று மின்விசிறியையும் நிறுத்தி, வேர்வை சொட்டச் சொட்ட லிந்தால்வா பாடினாள். பாட்டில் தன் பேரை வைக்கவில்லை. அது வழக்கமும் இல்லை. எங்கள் மைக்செட்டுகளுக்குப் பேர் உண்டு, கொடி உண்டு, மண்டையை உடைத்துக்கொள்ள ரசிகர் படை உண்டு. பாட்டில் மைக்செட்டின் பேர் இருந்தால்தான் அந்த மைக்செட்காரன் போடுவான். அவன் போட்டால்தான் சந்தையில் சிடி விற்கிறவன் நகல் எடுப்பான். அவன் எடுத்தால்தான் ஊர் கேட்கும். ஆகவே எவரால்டோ என்பவனின் 'வெள்ளித் திருக்கை' மைக்செட்டைப் பாட்டில் வைத்தாள்.

பாடி முடித்ததும் ஜுராண்டிர் திரையில் எதையோ இழுத்தான். பாட்டு குதித்தது. அவள் குரல் மெலிந்து, இளைத்து, சிறு பெண்ணாகி ஓடியது. லிந்தால்வா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துடா!"

"இதுக்கு மேல ஏத்துனா எலி கத்துற மாதிரி இருக்கும்க்கா."

"கத்தட்டும். ஆடுறவளுக்குக் காலு நிக்கக் கூடாது."

கால் நிற்கத்தான் இல்லை. அந்த வருஷம் ஜுருனாஸ் பேட்டையிலிருந்து ஆற்றுத் தீவுகள்வரை அந்தப் பாட்டுதான். படகில் அது, பஸ்ஸில் அது, பிள்ளையின் ஞானஸ்நான விருந்திலும் அது. ஒரு விழாவில் அவளை மேடையேற்றினார்கள். புதுப் பாவாடை கட்டிக்கொண்டு போய் வாயைத் திறந்தாள். அண்டா இழுபடும் சத்தம் கேட்டது. "ஏய், நிஜப் பாட்டுக்காரிய அனுப்புங்கடா!" என்று கூச்சல் போட்டார்கள். ஐஸ்கட்டிகள் பறந்து வந்தன. அன்று இறங்கியவள்தான், மறுபடி மேடை ஏறவில்லை. தகக்கா அடுப்பை மூட்டினாள்.

சந்தையில் சிடி போய் பென்டிரைவ் வந்தது, பென்டிரைவ் போய் கைபேசி வந்தது. மெலடி என்றார்கள், உடம்பைப் பிய்த்து உதறும் ஆட்டம் என்றார்கள். தெற்கே பெரிய நகரங்களில் இந்த மட்டத்தைக் கேலி செய்தவர்களே இப்போது ஜிகினாச் சட்டை போட்டு ஆடுகிறார்களாம். எது மாறியும் எவரால்டோ அந்த ஒரு வரியை விடவில்லை. பாட்டிலிருந்து வெட்டியெடுத்து, கூட்டம் தொடங்க அது, சண்டையை விலக்க அது, பக்கத்து மைக்செட்டை வம்புக்கு இழுக்க அது என்று போட்டுத் தேய்த்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அந்த நெய்யில்தான் அவன் மாடி வீடு எழும்பியது.

இப்போது எவரால்டோவின் புதுத் திருக்கை மைக்செட் இறங்குகிறது. பழைய பெட்டிகளைக் கழித்துவிட்டு, லாரி நீளத்துக்கு உலோக மீன், சிறகை அடித்து எழும்பும், கண்ணில் விளக்கு எரியும். ஞாயிற்றுக்கிழமை மாலை வெள்ளோட்டம். ஊரெல்லாம் தட்டி. தட்டியில் வெள்ளிச் சட்டை போட்ட ஒரு பெண், கெமில்லியாம். படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'திருக்கையின் குரல்.'

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு லிந்தால்வா எவரால்டோவின் பட்டறைக்குப் போனாள்.

"யாருடா அவ?"

"கோவப்படாத லிந்தா. பாக்க ஒரு மொகம் வேணுமில்ல? அந்தப் பொண்ணு வாய அசைக்கும், அவ்வளவுதான். கொரலு உன்னதுதான்."

"கொரலு என்னது, மொகம் அவளது, திருக்க உன்னது. பேரு யாரோடது?"

"என்ன வேணும் சொல்லு."

"ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கெழம உன் மகன் மைக்குல எல்லார் பேரையும் கூப்புடுவான்ல? மீன் வெட்டுறவன், பொறந்தநாளுக்காரன், அவன் வீட்டு நாயி வரைக்கும். எம்பேர ஒரு தடவ கூப்புடணும். இந்தக் கொரலு லிந்தால்வாவுதுன்னு சொல்லணும்."

எவரால்டோ அவள் தோளைத் தட்டினான். "இவ்வளவுதானா? சொல்லிட்டாப் போச்சு. நானே சீட்டெழுதி மகன் வெவர்ட்டன் கையில குடுக்கறேன்."

எங்கள் ஊரில் மைக்கில் பேர் வருவது என்றால் லேசுப்பட்டதில்லை. பேர் வந்தவன் ஒரு வாரத்துக்கு நெஞ்சை நிமிர்த்தித் திரிவான். பேர் வராதவன் கூட்டாளிகளை முறைப்பான். இத்தனை காலமும் ஊர் முழுக்க ஒலித்தவளின் பேர் ஒரே ஒரு முறைகூட வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கமான மழை பெய்து ஓய்ந்தது. மைதானத்தில் சேறும் சனமும். புகை கக்கிக்கொண்டு திருக்கை சிறகை விரித்தது. ரசிகர் படைகள் இரண்டு உள்ளங்கைகளையும் சிறகாக அடித்தன. திருக்கையின் முதுகில் ஏறி நின்று கெமில்லி வாயசைத்தாள். நன்றாகவே அசைத்தாள், பாவம், அவளைச் சொல்லி என்ன ஆக! எவரால்டோ கீழே நின்று விருந்தாளிகளோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தான்.

திருக்கையின் தலைக்குள் இருந்த வெவர்ட்டன் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். மீன்காரன் பேர் வந்தது. தெர்ரா ஃபிர்மே பேட்டையின் ரசிகர் படை வந்தது. யாரோ ஒருவனின் நாய்கூட வந்தது. லிந்தால்வா அவன் கையையே பார்த்தபடி நின்றாள்.

"அடுத்து, எங்கப்பா ஸ்பெஷலாக் குடுத்த சீட்டு! நம்ம தகக்கா அத்தைக்கு ஒரு வணக்கம்! அத்தே, சூடா ஒண்ணு மேல அனுப்பு!"

சனம் சிரித்தது. அருகில் நின்றவள் லிந்தால்வாவின் முதுகில் தட்டி, "பேரு வந்துருச்சு பாரு, குடுத்துவச்சவ!" என்றாள்.

சீட்டில் எவரால்டோ அவள் பேரை எழுதவில்லை, தகக்காவைத்தான் எழுதியிருக்கிறான். வாக்குக் கொடுத்தான், சீட்டும் எழுதினான், எழுதும்போதே கழுத்தை அறுத்திருக்கிறான்! லிந்தால்வா சனத்தை முழங்கையால் பிளந்துகொண்டு போனாள். தகக்கா கொண்டு வருகிறாள் என்று நினைத்துக் காவலாளும் வழி விட்டான். ஏணியில் ஏறிப் போய் வெவர்ட்டன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"கேளுங்க! இது எங்கொரலு! நான் பாடுனது!"

முதல் வரியைப் பாடினாள். அண்டா இழுபட்டது. மைதானமே சிரிப்பில் ஆடியது. "அத்தைக்குச் சளி புடிச்சிருக்கு!" என்று ஒருவன் கத்தினான். இந்தமுறையும் ஒரு ஐஸ்கட்டி பறந்து வந்து அவள் நெற்றியில் பட்டது.

அன்று போல இன்று இறங்கவில்லை.

"பாட்டப் போடுடா," என்றாள் வெவர்ட்டனிடம்.

"அத்தே, வெளையாடாதீங்க, கீழ எறங்குங்க."

"போடுறியா, இல்ல இந்த மீனு கண்ணப் புடுங்கட்டுமா?"

அவன் போட்டான். கீச்சுக்குரல் துள்ளி வந்தது. அவன் விரல் மேசையிலிருந்த வேகப் பட்டையைத் தள்ளும்போதெல்லாம் பாட்டு ஓடுவதையும் நடப்பதையும் அவள் கீழிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஜுராண்டிர் திரையில் இழுத்ததும் இதைத்தானே! பட்டையைப் பிடித்தாள். எதிர்ப்பக்கமாக இழுத்தாள்.

தாளம் தளர்ந்தது. பதினாலு வயதுக்காரி இருபதானாள், இருபத்தைந்தானாள். குரல் கனத்துக்கொண்டே இறங்கியது. அண்டா தரையில் இழுபட்டது. அங்கே கையை நிறுத்திவிட்டு, மைக்கை வாயருகே வைத்து, லிந்தால்வா அதோடு சேர்ந்து பாடினாள். முப்பது வயதுக்காரியும் ஐம்பது தாண்டியவளும் ஒரே மூச்சில், ஒரே இடத்தில் சொல்லை இழுத்து, ஒரே இடத்தில் நிறுத்தினார்கள். எது பெட்டியிலிருந்து வருகிறது, எது தொண்டையிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை.

ஒருவரும் ஆடவில்லை. ஆட முடியாத வேகம் அது. கெமில்லி வாயசைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தவன் வாய் திறந்தபடியே நின்றான்.

பாட்டு முடிந்தது. வெவர்ட்டன் அவள் காதருகே குனிந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அத்தே... உங்க பேரு என்ன?"

பால்குடி மறந்ததிலிருந்து அவள் கையால் தகக்கா குடித்து வளர்ந்த பையன். அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"என்னையக் கேக்காத. உங்கப்பனுக்குத் தெரியும். வரச் சொல்லு."

சனம் எவரால்டோவைப் பார்த்தது. அவன் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தான். அவர்கள் திருப்பிச் சிரிக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். லிந்தால்வா மைக்கை அவன் வாயருகே நீட்டினாள்.

"இந்தக் கொரலு," என்றான், "லிந்தால்வாவோடது."

"கேக்கல," என்றாள் லிந்தால்வா. "என் பாட்ட எவ்வளவு சத்தமாப் போட்ட? அவ்வளவு சத்தமாச் சொல்லு."