பெரியப்பா எடை குறைந்த கதை

என் பெரியப்பா பசிக்குத் தின்கிறவர் இல்லை. கை சும்மா இருந்தால் தின்கிறவர். போடியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருப்பார். போகும்போது ஒரு பிடி மிக்சர், வரும்போது இரண்டு ரஸ்க்கு. உட்கார்ந்தால் கால் ஆடும், எழுந்தால் வாய் ஆடும்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் அவருக்குக் குடலிறக்கம் கண்டது. டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பத்துக் கிலோ குறைந்தால்தான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். ரொம்ப நாள் தள்ளிப்போட்டால் குடல் முறுக்கி உயிருக்கே ஆபத்து என்பதைப் பெரியம்மாவிடம் தனியாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்குப் போனது பெரியம்மாவின் தூக்கம்.

மறுநாளே ரஸ்க்கு, மிக்சர், கிரீம் பிஸ்கட் டின்களை எல்லாம் ஏலக்காய் பொறுக்க வரும் பெண்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். பெரியப்பாவுக்குக் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், அவித்த தட்டாம்பயறு, முருங்கைக்கீரை. நாங்களெல்லாம் நெல்லுச்சோறு தின்ன, பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும் களித் தட்டோடு உட்காருவார்கள். உனக்கு எதற்குக் களி என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பிடிக்கும்போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் எடை. ஏலக்காய் மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் ஒரு தட்டில் பெரியப்பா, மறு தட்டில் எடைக்கல். கல்லை எடுத்து வைப்பதும் இறக்குவதும் பெரியம்மா. முள்ளைப் பார்ப்பது நான்.

அதே சனிக்கிழமை காலையில்தான் பெரியப்பா என்னைக் கூட்டிக்கொண்டு ஜீப்பில் குரங்கணிக்குப் போவார். அங்கே பச்சை ஏலக்காயை அனலில் வாட்டிக் காயவைக்கும் எங்கள் ஸ்டோர் இருந்தது. ஜீப்பு கிளம்புமுன் பேக்கரியில் அவருக்கு நாலு கிரீம் பன், எனக்கு ஒன்று. "ஆத்தா, பெரியம்மாகிட்ட மூச்சு விட்றாத" என்பார். ஒரு பன்னுக்கு நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். வெட்கங்கெட்ட பிறவி!

பன்னைத் தின்றால் எடை எப்படிக் குறையும்? அதற்குத்தான் அவர் ஏலக்காய்க்காரர் மூளையை உபயோகித்தார். "பச்சக் காய் அஞ்சு கிலோவ வாட்டுனா ஒரு கிலோவாயிருது. காய்க்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமா?" என்று கேட்டுவிட்டு, அனல் குழாய் ஓடும் வாட்டு அறைக்குள் துண்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார். வேர்த்து ஊற்றி வெளியே வந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஜீப்பில் வீட்டுக்கு வந்து இறங்கி, நேராகத் தராசுத் தட்டில் ஏறுவார். "வெரசா நிறு, தாகம் உசுரு போகுது!" முள் நேராக நிற்கக் குறைந்த கல்லே போதும். அப்புறம் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார். பெரியம்மா பூரித்துப்போய்ச் சிலமலை ஊர்ச் சொந்தக்காரர்களிடமெல்லாம் கேழ்வரகின் பெருமையைச் சொல்வாள். அந்த நேரத்தில் மட்டும் நான் எடைக்கல்லை அடுக்குவதுபோல் குனிந்துகொள்வேன்.

மூன்று மாதம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை கல்யாண வீட்டில் வளைத்துக் கட்டியவர், மறுநாள் வாட்டு அறைக்குள் கூடுதல் நேரம் உட்கார்ந்தார். வாசலில் நின்ற எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "பெரியப்பா!" என்றேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை. அடுப்புக்கு விறகு போடுகிறவரிடம் ஓடினேன். அவர் கதவைத் திறந்து, மயங்கிக் கிடந்தவரை இழுத்து வெளியே போட்டார். "மொதலாளி, இது காயி இல்ல, ஆளு!" என்று கத்திக்கொண்டே தலையில் தண்ணீர் ஊற்றினார். பெரியப்பா கண்ணைத் திறந்ததும் எனக்கு அழுகை பீறிட்டது.

வீட்டில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கியபோது பெரியம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். களி ஒத்துக்கொள்ளவில்லையோ, தன்னால்தான் இப்படி ஆயிற்றோ என்று மாரில் அடித்துக்கொண்டாள். அதைப் பார்க்க முடியாமல் பன், பேக்கரி, வாட்டு அறை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"எத்தன வாரமா?" என்றாள்.

"மொத வாரத்துல இருந்து."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. உள்ளே போய் எங்களுக்கு வடித்த சோற்றைத் தட்டு நிறைய அள்ளி, மொச்சைக் குழம்பை ஊற்றிக்கொண்டு வந்து பெரியப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். கை நிறையப் பிசைந்து வேக வேகமாகச் சாப்பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"ராசிங்காபுரத்துல களியத் தின்னு தின்னு சலிச்சுத்தாங்க நெல்லுச்சோத்துக்கு இங்க வாக்கப்பட்டு வந்தேன். தனியாத் தின்னா ஒங்களுக்கு எறங்காதேன்னு, மூணு மாசமா மறுபடி அதையே தின்னேன். ஒங்க உசுரு நிக்கணுமேன்னு தின்னேன்."

பெரியப்பாவின் கால் அன்றைக்கு ஆடவில்லை. "எனக்குக் களி போடு" என்றார் மெதுவாக.

"இன்னைக்குக் களி கிண்டல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய ஆள் குலுங்கிக் குலுங்கி அழுது நான் பார்த்ததே இல்லை. பாவம், பெரியம்மா அவருக்குச் சோறு வைக்காமல் தான் மட்டும் தின்கிறாளே, அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். அடுக்களைக்கு ஓடி, பானையிலிருந்து ஒரு பிடி சோறு அள்ளிவந்து அவர் வாயருகே நீட்டினேன்.