பலகைக்குப் போட்ட மாலை

எங்கள் தெருவுக்கு அந்தத் தலைவரின் பெயரை வைப்பதென்று நகராட்சியில் முடிவானபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் சாமிக்கே நாலு பெயர், தெருவுக்கு இரண்டு இருந்தால் என்ன? ஆனால் பெயர்ப்பலகையை மூலைவீட்டுச் சுவரில்தான் அடிப்பார்கள். மூலைவீடு என் அக்காவுடையது.

அவளுடைய ஒரே மகன் பட்டணத்துக்குப் படிக்கப் போனவன். அந்தத் தலைவர் ஆட்சியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனான். ஊர்வலத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றானாம். அதே தலைவர் திறந்துவைத்த பள்ளிக்கூடத்தில்தான் என் மகள் படித்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நகராட்சி ஆட்கள் ஏணியோடு வந்தபோது அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். எனக்கும் வீரத்துக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. கட்சிக்காரன் இருமினாலே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவேன். ஏணியைப் பிடி என்றார்கள், பிடித்தேன்.

அவர்கள் போனதும்தான் உறைத்தது. அக்கா இதை எப்படிப் பார்ப்பாள்? என் தறிக்குச் சாயம் போட்டு வந்திருந்த பட்டு நூலை மூங்கில் கழியோடு தூக்கிவந்து பலகைக்கு முன்னால் காயப்போட்டேன். தினமும் அதுவே வேலையானது. அதிலும் ஒரு கண்டம். எந்த இரண்டு நிறத்தைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாலும் ஏதோ ஒரு கட்சியின் கொடியாகிவிடும். எதிரே டீக்கடையில் என்னை வாரத்துக்கு ஒரு கட்சியில் சேர்த்தார்கள். பயந்துபோய் நாளுக்கு ஒரே நிறம் என்று வைத்துக்கொண்டேன். அக்கா எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்று நானே நம்பிக்கொண்டேன்.

தலைவரின் பிறந்தநாளுக்குக் கட்சிக்காரர்கள் மேளத்தோடு மாலை கொண்டுவந்தார்கள். நூலை எடு என்றார்கள். ஈரம், சாயம், உங்கள் வெள்ளைச் சட்டை என்று நான் உளறிக்கொண்டிருக்கும்போதே அக்கா வெளியே வந்து கழியைத் தானே இறக்கினாள்.

"போட்டுக்கினு போங்கப்பா" என்றாள்.

கோஷம் ஓய்ந்து தெரு காலியானதும் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மாலையைக் கழற்றினாள். நான் தறியில் ஓடும் நாடா மாதிரி தெருவின் இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தேன்.

"யக்கா, எவனாவது பாத்தா என்னை உரிச்சிடுவானுங்கக்கா."

"உன்ன உரிச்சா இன்னாடா வரும், வெறும் காத்து."

மாலையை உள்ளே கொண்டுபோய், மகனின் சட்டை தொங்கிய ஆணியில் மாட்டினாள். மாலை போட அவனுக்கு ஒரு படம் கிடையாது. ஸ்டுடியோவுக்குப் போகலாம், அப்புறம் போகலாம் என்றே போய்விட்டான். வேறு மாலை நான் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"உன் மால எதுக்கு? அவங்க வந்து போட வேண்டிய மாலடா இது."

பிறகு ஒவ்வொரு வருஷமும் அவர்கள் மாட்டினார்கள், அவள் கழற்றினாள். நான் பற்றவைக்காத பீடியோடு தெருமுனையில் காவல் நின்றேன். பலகைக்கு முன்னால் நூல் காயப்போடுவதை விட்டுவிட்டேன்.

அவர்கள் ஆட்சி போயிற்று. அடுத்த பிறந்தநாளுக்கு யாரும் வரவில்லை. அக்கா முக்காலியைக் கதவோரம் எடுத்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். "வந்துக்கினு இருப்பாங்க" என்று ஒரு தடவை சொன்னாள். வெயில் ஏறிய பிறகு அதையும் சொல்லவில்லை.

காமாட்சியம்மன் கோயில் பக்கம் போய் ஒரு மாலை வாங்கிவந்தேன். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே போன நேரத்தில், மொத்த டீக்கடையும் பார்த்துக்கொண்டிருக்க, அதே முக்காலியில் ஏறி அந்தப் பெயருக்கு மாலை போட்டேன்.

"தோத்தப்புறம் போயி சேர்றியே, உனக்கு நேரமே சரியில்லபா" என்றான் ஒருவன். கடையே சிரித்தது. நான் மாலையை நேராக்கிவிட்டு இறங்கினேன்.

அக்கா வெளியே வந்தாள். பலகையைப் பார்த்தாள். என் சட்டையில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை எடுத்துக் கீழே போட்டாள்.

"வந்துட்டாங்க போலருக்குது" என்று சொல்லிக்கொண்டே முக்காலியில் ஏறினாள்.