கையை நீட்டச் சொல்லும் ஆர்டிஸ்

“கையை நீட்டுங்க, பாஸ்டர்.”

ஆராதனை முடிந்த கையோடு தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறைக்குள் நுழைந்த பாஸ்டர் லிண்ட்க்விஸ்ட், பள்ளிப் பையனைப் போல இரண்டு கைகளையும் நீட்டுகிறார். ஆர்டிஸ் டோலஃப்சன் குனிந்து மோந்து பார்க்கிறார். சோப்பு வாசனை இல்லை.

“வாசல்ல எத்தனை பேருக்குக் கை குடுத்தீங்க?”

“எல்லாருக்கும்தான்.”

“அப்போ மொத்தச் சபையும் உங்க கையிலதான் ஒட்டிக்கிட்டிருக்கு. குழாய் அந்தப் பக்கம்.”

ரொட்டிக் கூடையை நோக்கிப் போன கை பாதியில் திரும்புகிறது.

ஆர்டிஸுக்கு வாரநாட்களில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் சமையல். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சமையலறையில் ஆட்சி. நெட்டையான உருவம், தலையில் வலை, காதில் சின்ன முத்து. அவருடைய குளிர்காலக் கோட்டு மற்ற இடங்களில் புதிதாகவே இருக்கிறது, முழங்கைகளில் மட்டும் நூல்நூலாகப் பிரிந்துவிட்டது. கதவு, விளக்கு சுவிட்ச், கடையில் தள்ளுவண்டி எல்லாவற்றையும் முழங்கையால்தான் தள்ளுவார். தெருவில் பார்த்தால் அதே முழங்கையால் நம்மை ஓர் இடி இடித்துவிட்டுப் போவார். அது அவருடைய வணக்கம்.

பள்ளியில் சாப்பாட்டுக்கு முன் பிள்ளைகள் குழாயடியில் வரிசையாக நின்று, சுற்றுவட்டார ஏரிகளின் பெயர்களை ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். கரடி ஏரி, வளைந்த ஏரி, பெரிய மீன் ஏரி, சின்ன மீன் ஏரி... மின்னசோட்டாவில் ஏரிக்கா பஞ்சம்? “கடைசி ஏரி வர்ற வரைக்கும் நுரை கையிலயே இருக்கணும். கட்டை விரலை விட்டுட்டியே ராசா, அது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று பின்னாலிருந்து குரல் வரும். வரைபடத்தில் எங்கள் ஊரைக் காட்டத் தெரியாத பிள்ளைக்குக்கூட ஏரிகள் அத்தனையும் மனப்பாடம்.

கணவர் வெர்லின், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர். தூண்டில் புழு நாற்றத்தோடு வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. வாசலறையிலேயே வெந்நீரும் சோப்பும் காத்திருக்கும். “எனக்கு நடந்தது ரெண்டு கல்யாணம். முதல்ல சோப்போட, அப்புறம்தான் இவளோட” என்பார்.

இதையெல்லாம் எல்லாரும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வதில்லை. ஜனவரியில் சபை சூப் விருந்தன்று, கூடச் சமைக்கிற தோழி மார்லிஸ் பிரான்ட்வால்ட் பானையருகே நின்று இருமினார். ஆர்டிஸ் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்துவிட்டார்.

“தொண்டை வறட்சிடி, வேற ஒண்ணுமில்ல.”

“அந்த வறட்சியோட வீட்டுக்குப் போய்ப் படு. சூப்பை நானே கொண்டாந்து தர்றேன்.”

அத்தனை பேர் முன்னிலையில். சொன்னபடியே சூப்பைக் கொண்டுபோய் வாசலில் வைத்து, முழங்கையால் மணியடித்துவிட்டு வந்தார். மார்லிஸ் கதவைத் திறக்கவில்லை. சூப்பு அங்கேயே கல்லாக உறைந்தது. பேச்சும்தான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் ஆர்டிஸின் தங்கை மகள் பிரிட்டாவுக்குக் குழந்தை பிறந்தது, நாளுக்கு வெகு முன்னதாகவே. சிக்னே என்று பெயர். டுலூத் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாய்களோடு போராடி, ஒருவழியாக வீடு வந்தாள். நமக்கு வெறும் ஜலதோஷம், இவளுக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். பிப்ரவரி கடைசியில் சின்னக் கூட்டமாக ஞானஸ்நானம் வைத்தார்கள். குழந்தையை ஏந்தி நிற்க வேண்டிய ஞானத்தாய் ஆர்டிஸ். அவர் அதுவரை குழந்தையைத் தூக்கியதே இல்லை, அன்றுதான் முதல்முறை. அதற்காகவே நீல நிறத்தில் புதுக் கவுன் தைத்திருந்தார்.

அன்று காலை எழுந்ததும் தொண்டை கரகரத்தது. பிறகு ஒரு தும்மல்.

“சூடா காப்பி குடி, போயிடும். யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் வெர்லின்.

“அவ நெஞ்சுக்குத் தெரியும்யா.”

“அப்போ நான் தூக்கிக்கிறேன்.”

“ராத்திரி முழுக்க என் பக்கத்துலதானே குறட்டை விட்டே? நீயும் வெளியிலதான்.”

ஆர்டிஸ் போனை எடுத்து மார்லிஸைக் கூப்பிட்டார். மார்லிஸே எனக்குச் சொன்னது இது.

“இருமல் இருக்கா?”

“உன் சூப்பு உறைஞ்சப்பவே போச்சு.”

“சளி?”

“இல்லங்கிறேன்ல. எதுக்குக் கேக்குற?”

“எனக்குப் பதிலா நீதான் இன்னைக்குச் சிக்னேயைத் தூக்கிக்கணும்.”

“நானா? என்னையத்தான் நீ கிருமின்னு விரட்டுனியே.”

“உன் இருமலைத்தான் விரட்டினேன். உன்னைய இல்ல. நாலு பிள்ளை வளர்த்த கை, நடுங்காது. நல்லா கழுவிட்டுத் தூக்கு.” சொல்லிவிட்டு ஆர்டிஸ் மூக்கைச் சிந்தினார். அது மூக்கு மட்டும்தானா என்று மார்லிஸுக்குச் சந்தேகம். “சரிடி, தூக்குறேன். நீ வாயை மூடிட்டுப் படு” என்று போனை வைத்தாராம்.

அன்று கீழ்த்தளக் குழாயடியில், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, கரடி ஏரியிலிருந்து தொடங்கி எல்லா ஏரிகளையும் மார்லிஸ் முணுமுணுத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். முடித்ததும் முதலிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

அடுத்த வாரம் ஆர்டிஸும் வெர்லினும் காய்ச்சலில் சுருண்டு கிடந்தார்கள். இந்த முறை சூப்பு மார்லிஸ் வீட்டிலிருந்து வந்தது, சூடு ஆறுவதற்குள் கதவும் திறந்தது. சிக்னேவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது கொழுகொழுவென்று, கண்டதையெல்லாம் வாயில் போட்டு ஆர்டிஸின் உயிரை வாங்குகிறாள்.

ஞானஸ்நானத்தன்று எனக்கு ஜன்னலோர இருக்கை. தலையில் பாஸ்டர் தண்ணீர் ஊற்றியதும் சிக்னே வீறிட்டாள். நல்ல பலமான அழுகை. அந்த நுரையீரலிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமென்று யாரும் நினைக்கவில்லை, எல்லாரும் சிரித்துவிட்டோம். அப்போதுதான் வெளியே பார்த்தேன். வெர்லினின் வண்டி எஞ்சின் அணையாமல் நின்றிருந்தது. ஆர்டிஸ் இறங்கி, முழங்கால் அளவு பனியில், ஜன்னலுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தார். மூக்குவரை கம்பளித் துண்டு. கோட்டுக்குக் கீழே நீலக் கவுனின் ஓரம் தெரிந்தது. மார்லிஸும் பார்த்துவிட்டார், குழந்தையின் முகத்தை மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினார்.

ஆர்டிஸ் தடித்த கையுறைக் கைகளை மார்போடு மடித்து, அங்கே எதுவுமே இல்லாத இடத்தை, தலை சாய்ந்துவிடாமல் ஏந்திக்கொண்டு, இப்படியும் அப்படியுமாக ஆட்டினார்.