அமிர்தசாமிக்காக

கம்மாபுரம் சாலையில் இருக்கும் அந்தக் கிளை அஞ்சலகம், போஸ்ட் மாஸ்டர் அமிர்தசாமி வீட்டின் முன்னறைதான். கிராமத்துப் போஸ்ட் மாஸ்டரே ஆபீசுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது இலாகாவின் ஏற்பாடு. இன்னோர் ஏற்பாடும் உண்டு. அவர் லீவு எடுத்தால், தன் இடத்தில் உட்கார ஓர் ஆளை அவரே பிடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த ஆள் செய்யும் தப்புக்கும் அவரே பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக அந்த ஆள் தேவநாதன்.

மற்ற நாட்களில் தேவநாதனுக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் வேலை. ஃபியூஸ் கேரியர்களை உடையாமல் வைக்கோல் வைத்து அட்டைப்பெட்டியில் அடுக்குவார். அமிர்தசாமியிடமிருந்து போன் வந்ததும் சைக்கிளை எடுப்பார். "டெல்லியிலேருந்து கூப்புடுறாங்களா, போயிட்டு வா," என்று மத்திய அரசு வேலையைக் கிண்டல் செய்வார் முதலாளி.

அமிர்தசாமிக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நாற்பது நாள். அவர் மனைவி இறந்தபோது பதினாறு நாள். ஒவ்வொரு தாளிலும் 'அமிர்தசாமிக்காக' என்று எழுதி, அதன் கீழே தன் கையெழுத்தைப் போடுவார் தேவநாதன். டவுன் ஆபீசில் யாராவது ஓய்வு பெற்றால் பிரிவு உபசாரத்துக்கு அமிர்தசாமி போவார், தேவநாதன் இங்கே உட்காருவார். அதனால் எந்தக் குழுப் படத்திலும் அவர் இல்லை. ஊழியர் பட்டியலிலும் இல்லை. நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்று இலாகா கவலைப்படும். உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்காது. பெரிய அமைப்புகள் இப்படித்தான் நிலைக்கின்றன போலும்.

அமிர்தசாமி அவரைப் பாராட்டியதே இல்லை. லீவு முடிந்து வந்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்: "முத்திரையில தினம் தேதி மாத்துனியா?" மாத்துனேன் அண்ணே என்பார் தேவநாதன். அதோடு சரி.

இந்த வருடம் அமிர்தசாமிக்கு அறுபத்தைந்து. ஓய்வு. அடுத்த போஸ்ட் மாஸ்டர் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து வருவார். சேலத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி என்று பேச்சு. தேவநாதனுக்கு ஐம்பத்தொன்று, விண்ணப்பிக்கும் வயது எப்போதோ தாண்டிவிட்டது. அந்த நாற்காலிக்கு அவர் ஆசைப்படவில்லை. வேறொன்றுதான் அவரை உறுத்தியது. லீவு எடுக்க அமிர்தசாமி இல்லை என்றால், பதில் ஆள் என்று ஒருவனும் இல்லை. இத்தனை வருடமும் தன் பெயரில் ஒரு நாள்கூட நிற்காமல், அந்த மாதக் கடைசியோடு கரைந்துவிடும்.

கடைசி நாள் பிற்பகல், பொறுப்பு மாற்றத்துக்கு இன்ஸ்பெக்டர் சண்முகப்ரியா வந்தார். பரீட்சை எழுதி மேலே வந்தவர், முப்பது வயது இருக்கும். புதியவர் வந்து சேர இரண்டு மாதம் ஆகலாம். அதுவரை பக்கத்துக் கிராமத்துப் போஸ்ட் மாஸ்டரிடம் சேர்த்துக் கொடுப்பதுதான் வழக்கம் என்றார். தேவநாதன் அடுக்கிய ரசீதுக் கட்டையே மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அமிர்தசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், பழைய லீவு விண்ணப்பம்லாம் டவுன் ஆபீஸ் ஃபைல்ல இருக்குங்க. பதில் ஆளுன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல வேற பேரு ஒண்ணு இருந்தா காட்டுங்க."

"பார்த்துட்டுத்தான் வந்தேன் சார்," என்றார் சண்முகப்ரியா. பையிலிருந்து மூன்று பிரதிப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். பொறுப்பு ஒப்படைப்பவர் என்ற இடத்தில் அமிர்தசாமி கையெழுத்திட்டார். பொறுப்பு ஏற்பவர் என்ற இடம் காலியாக இருந்தது. சண்முகப்ரியா பேனாவைத் தேவநாதன் பக்கம் நீட்டினார். "தற்காலிக ஏற்பாடுதான். இரண்டு மாசத்துக்கு மேல என்னால எதுவும் சொல்ல முடியாது. சம்மதமா?"

தேவநாதன் பேனாவை வாங்கினார். பழகிய கை, விறுவிறுவென்று எழுதி முடித்தது. சண்முகப்ரியா குனிந்து பார்த்தார்.

"என்னங்க இது?"

பொறுப்பு ஏற்பவர் என்ற இடத்தில், மூன்று பிரதியிலும், 'அமிர்தசாமிக்காக, தேவநாதன்' என்று இருந்தது.

"நான் இங்க எதிர்லயே குந்திகினு இருக்கேன்," என்றார் அமிர்தசாமி. "எங்கிட்டேருந்து எனக்காகவே வாங்கிக்கிறியா?"

தேவநாதன் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேறு படிவம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. ஆனால் திருத்தலாம்: அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே கோடாக அடிக்க வேண்டும், திருத்தியவர் பக்கத்திலேயே மறுபடி கையெழுத்திட வேண்டும். அதுதான் விதி என்றார் சண்முகப்ரியா.

ஸ்கேலை எடுத்துக் கொடுத்தவர் அமிர்தசாமிதான். அவர் பெயர் மீது கோடு போடத் தேவநாதனுக்கு மனம் வரவில்லை.

"போடுப்பா. பஸ்ஸு போயிடும் அவங்களுக்கு."

மூன்று கோடு. பக்கத்தில் மூன்று முறை, வெறும் தேவநாதன்.

மறுநாள் காலை அவர் முன்னறையைத் திறந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள்ளிருந்து சத்தமே இல்லை. பத்து மணிக்கு அமிர்தசாமி உள்வாசல் வழியாக வராமல், தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து, ஜன்னலுக்கு வெளியே மற்றவர்களைப் போல நின்றார். ஒரு போஸ்ட் கார்டு கேட்டார். வாங்கியவர் உடனே போகவில்லை.

"தேதி மாத்திட்டியா?"

தேவநாதன் முத்திரையை மையில் ஒற்றி, ஒரு காகிதத் துண்டில் குத்தி, ஜன்னல் வழியே நீட்டினார். அமிர்தசாமி அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். பிறகு சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தெருவைச் சுற்றியே வீட்டுக்குப் போனார்.