குணா அண்ணனின் இரண்டு விரல் பேஸ்

செவ்வாய்க்கிழமை மதியம் பள்ளி அலுவலகத்தில் இருந்தபோது, எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் ரவி அழைத்தான். "அக்கா, குணா அண்ணே போயிட்டாருலா. ஹார்ட் அட்டாக். வேலைக்குக் கெளம்புறப்ப." நான் "எந்தக் குணா?" என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்த குணா ஒருவர்தான்.

மெர்லிமாவ் ஊரில் பிறந்து, செங் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, வாரக் கடைசிகளில் பேஸ் கித்தார் வாசித்தவர் குணசேகரன். மலாக்காவில் கல்யாணங்களுக்குப் போகும் பலரும் அவர் வாசிப்பைக் கேட்டிருப்பீர்கள்; பெயர் தெரிந்திருக்காது. பதினெட்டு ஆண்டுகள் பக்கத்தில் நின்று கீபோர்ட் வாசித்தவள் நான்.

நான் சேர்ந்தபோது அவர் வாசிப்பில் வேகம் அதிகம். தஞ்சோங் கிளிங் ஹோட்டல் ஒன்றில் வாசித்த பிலிப்பினோ குழுவைக் கேட்டுக் கேட்டே ஃபங்க் இசையைப் பிடித்திருந்தார். கட்டைவிரலால் கம்பியை அடித்து, ஆள்காட்டி விரலால் சுண்டி, சினிமாப் பாட்டுக்குள்ளும் அதை நுழைத்துவிடுவார். சேலை கசங்காமல் உட்கார்ந்திருக்கும் அத்தைமார்களின் கால்கள் ஆடத் தொடங்கும். "என் பாட்டே கேக்கலண்ணே" என்று பாடகர் முறைப்பார். "ஆடுறாங்கல்ல, விடுலா" என்பார் இவர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இடது கை இயந்திரத்தில் சிக்கி, மோதிர விரலும் சுண்டுவிரலும் போயின. நாங்கள் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டோம். அதைச் சொல்ல நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "வர்றவரு நல்லா வாசிப்பாரா மாலா?" என்று மட்டும் கேட்டார். அவர் மனைவி சாந்தி அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஓராண்டு கழித்து, கித்தாரோடு ஒத்திகைக்கு வந்து நின்றார். அந்த ஆண்டு முழுக்கக் கோயிலில் உறுமி அடிப்பவர்களோடு உட்கார்ந்திருந்தாராம். வாசித்துக் காட்டினார். முன்பு எட்டுச் சுரம் வந்த இடத்தில் இப்போது இரண்டுதான். ஆனால் ஒவ்வொன்றும் உறுமியைப் போல இழுபட்டு, நெளிந்து வந்து நின்றது. இடையில் ஒன்றுமில்லை. பழக்கத்தில் நான் அந்த இடைவெளியைக் கீபோர்டால் நிரப்பினேன். "எல்லா எடத்தையும் ரொப்பாத மாலா. கொஞ்சம் விடு. கேக்குறவங்க வந்து நிக்கட்டும்" என்றார். அடுத்த நிகழ்ச்சியிலிருந்து மறுபடியும் அவர்தான் எங்களோடு வாசித்தார்.

பிறகு கோலாலம்பூரிலிருந்து சிலர் பேட்டி எடுக்க வந்து, இந்த ஸ்டைல் எப்படி வந்தது என்று கேட்டார்கள். "ஸ்டைல்லாம் இல்ல தம்பி. விரல் இல்ல" என்றார். அவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, உள்ளதைத்தான் சொன்னார்.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் நான் ஒரு பாட்டைத் தப்பான இடத்தில் எடுத்துவிட்டேன். குணா அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. தன் வாசிப்பை என் இடத்துக்கு நகர்த்திக்கொண்டார்; மண்டபத்தில் யாருக்கும் தெரியவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் யார் தவறியபோதும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். நேற்று ஒத்திகையில் ரவியின் தாளம் இரண்டு முறை தடுமாறியது. அவன் அழுதுகொண்டிருந்தான் போலும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.