ஏழைச் சட்டை எங்கே கிழியும்?

சினிமாவுக்கு உடை தைக்கும் அந்தப் பட்டறையில் பதினோரு பேர் புதுத்துணி தைத்தார்கள். பன்னிரண்டாவது ஆள் அதைப் பழசாக்கினாள். வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. சேர்ந்த வாரமே 'பழசக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. "கல்யாணமாகி ஒரு வருஷங்கூட ஆகல, அதுக்குள்ள என் பொண்டாட்டியப் பழசுன்னுட்டாங்களே!" என்று பஸ் டிரைவரான அவள் கணவன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவளுக்கென்னவோ அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

மொட்டை மாடியில்தான் வேலை. கீழேயிருந்து உடுப்புகள் மொடமொடவென்று மடிப்புக் கலையாமல் வரும். தேயிலைத் தண்ணீரில் ஊறப்போடுவாள். முழங்கைப் பக்கத்தை உப்புத்தாளால் தேய்ப்பாள். ஈரக் கோட்டின் பைகளில் கூழாங்கற்களைப் போட்டுத் தொங்கவிடுவாள். காய்ந்து இறங்கும்போது, பத்து வருஷம் கையை நுழைத்து நுழைத்து வாய் பிளந்த பையாக இருக்கும்.

தேய்க்கத் தேய்க்க அவளுக்கு ஒரு மயக்கம் வரும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கையிலிருக்கும் சட்டைக்குள் யாராவது வந்து புகுந்துகொள்வார்கள். இவன் இடதுகைக்காரன். மேசையில் சாய்ந்து எழுதுகிறவன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் தோளைச் சாய்த்துத் தூங்கிவிடுவான். அப்படியென்றால் அந்தத் தோளுக்கு இன்னும் நாலு தேய்ப்பு. காற்றடிக்கும்போது கொடிக்கயிற்றில் முப்பது நாற்பது பேர் தலையில்லாமல் கைவீசிக்கொண்டு நிற்பார்கள். தெரிந்தவர்கள் கூட்டத்தில் நுழைந்து போவது போல அவர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து போவாள்.

அந்தக் கனவைக் கலைப்பது காஸ்ட்யூமரின் குரல். கழுத்தில் அளவு நாடா மாலையாகத் தொங்க, மாடிப்படியில் பாதி ஏறி நின்று கத்துவார்.

"அக்கா! தோள்ல ஒரு கிழி!"

யார் படமானாலும், எந்தக் கதையானாலும் தோளில் ஒரு கிழி. முகத்தை அருகில் காட்டும்போது தோளும் தெரியும், அதனால்தான் என்பார். நல்ல மனிதர். அவர் சொன்னபடி எட்டு வருஷம் கிழித்துக் கொடுத்தாள்.

பிறகு எப்போதிலிருந்து என்று அவளுக்கே தெரியாது, தியேட்டருக்குப் போனால் கதை காதில் விழாமல் போயிற்று. கண்ணெல்லாம் துணியில். சட்டை கிழிந்த ஏழைக்குப் பொத்தான் மட்டும் எப்படி ஒன்றுகூட விழாமல் இருக்கிறது? அக்குளில்தானே முதலில் விடும், ஏன் ஒருத்தருக்கும் அங்கே விடவில்லை? பணக்கார வீட்டு வேலைக்காரிக்கு மட்டும் எப்போதும் புது உடுப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விடிந்ததும் விடியாததுமாகவே முகத்தில் கரி.

"நம்ம தெருவுல எந்த ஜன்னலப் பாத்தாலும் துணி காயுது. படத்துல மட்டும் ஏழைங்க யாரும் துவைக்கிறதே இல்லையே" என்று கணவனின் காதில் கிசுகிசுத்தாள்.

"சண்டை வருது, பேசாம பாரு" என்றான் அவன்.

அந்தச் சமயத்தில் ஒரு படத்துக்கு வேலை வந்தது. ஆலையில் வேலை செய்கிற ஒரு தாய், தன் மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சப் போகிறாள். தாய்க்கு ஒரு சேலை ரவிக்கை, மகளுக்கு ஒரு பாவாடை. பழசக்கா உப்புத்தாளை எடுத்தாள், கை ஓடவில்லை. மடியில் சேலையை விரித்துக் கண்ணை மூடினாள். அந்தத் தாய் வந்தாள். முந்தின நாளே துவைத்து, காய்ந்ததா என்று மூன்று தரம் தொட்டுப் பார்த்து, பெட்டி போட்டு, கசங்கிவிடுமே என்று பஸ்ஸில் உட்காராமல் நின்றுகொண்டே போகிறவள். மகள் வளர்ந்துவிட்டாள், பாவாடையின் கீழ்மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டிருக்கிறாள். இறக்கிய இடத்தில் வெளுக்காத பழைய நிறம் ஒரு கோடாகத் தெரிகிறது.

பழசக்கா அப்படியே செய்து அனுப்பினாள்.

மறுநாள் டைரக்டரே மாடியேறி வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. அவருடைய ஜீன்ஸ் இரண்டு முட்டியிலும் வாய் பிளந்திருந்தது.

"அக்கா, வேலை பிரமாதம். ஆனா இவ ஏழையாவே தெரியலையே? நல்லா கிழிச்சு விடுங்க."

"பள்ளிக்கூடத்துக்குப் போறா சார். கிழிஞ்சத மாட்டிக்கிட்டு எவளும் போக மாட்டா."

"கடைசி வரிசைல இருக்கறவனுக்கும் ரெண்டே செகண்ட்ல புரியணும்க்கா."

அவள் அவருடைய முட்டியைப் பார்த்தாள். "நீங்க இதோட பள்ளிக்கூடத்துக்குப் போவீங்களா சார்?"

"ஏன், போவேனே. இது ஸ்டைல்."

"நீங்க போலாம். உங்களுக்கு ஸீட் கெடைக்கும். அவளுக்குக் கெடைக்காது."

டைரக்டர் கொடியில் ஆடும் துணிகளைப் பார்த்தார். பிறகு, "தோள்ல மட்டும் ஒண்ணு போட்டுடுங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் கிழித்தாள். பாவாடையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

படம் வந்ததும் எதிர்வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனாள். எதிர்வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். பள்ளிக்கூடக் காட்சியில் திரை முழுக்க அந்தச் சேலை நடந்து வந்தது, ரவிக்கைத் தோளில் கிழிசலோடு. பக்கத்தில் விசும்பல் கேட்டது.

வெளியே வந்தால் வெயிலில் கண் கூசியது. எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சிந்தியபடி சொன்னாள். "ஐயோ பாவம்க்கா. அந்த மாதிரி ஜனங்கல்லாம் எந்த ஊர்லதான் இருக்காங்களோ. நாமெல்லாம் எவ்வளவோ தேவலை."

போன வருஷம் மகனைப் பள்ளியில் சேர்க்க, பழசக்காவின் நல்ல செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனவள் இவள். பழசக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. திரையிலிருந்த ஏழை இவர்கள் யாரும் இல்லை. இவர்களும் உட்கார்ந்து பரிதாபப்பட்டுவிட்டு வருவதற்காகச் செய்த வேறொருத்தி. அதைச் செய்தது தன் கை. இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள்.

"ஆனா அக்கா," என்றாள் எதிர்வீட்டுக்காரி திடீரென்று. "அந்தப் புள்ளயோட பாவாடைல, இறக்கிவிட்ட கோடு தெரிஞ்சுது, பாத்தியா? அதப் பாத்தப்பதான் எனக்கு அழுகையே வந்துச்சு. எனக்கும் அப்படி ஒண்ணு இருந்துச்சு. அந்தக் கோடு தெரியக் கூடாதுன்னு வகுப்புல எந்திரிக்கவே மாட்டேன்."

அதற்குப் பிறகு பழசக்கா யாரோடும் வாதம் செய்யவில்லை. முன்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்ட இடத்தில் கேட்ட கிழி. பின்னால் கூட்டத்தில் நிற்கிறவர்களின் உடுப்பை யார் பார்க்கப் போகிறார்கள்? அது முழுக்க அவள் ராஜ்ஜியம். அக்குளில் அதே நிற நூலால் போட்ட தையல், ஒரு பொத்தான் மட்டும் வேறு ஜாதி, அண்ணன் போட்டுத் தம்பிக்கு வந்த சட்டை. ஏழு வருஷம், படத்துக்குப் படம், கதாநாயகர்களின் முதுகுக்குப் பின்னால் அவளுடைய ஆட்கள் சத்தமில்லாமல் நடந்து போனார்கள்.

ஒரு நாள் காலை, கையில் மடிக்கணினியோடு ஒரு பெண் மூச்சுவாங்க மாடியேறி வந்தாள். பழசக்கா வயதுதான் இருக்கும். கல்லூரியில் சமூகவியல் சொல்லிக் கொடுப்பதாகவும், படங்களில் ஏழைகளை எப்படிக் காட்டுகிறார்கள் என்று புத்தகம் எழுதுவதாகவும் சொன்னாள்.

"இந்தப் பட்டறைப் படங்கள்ல முன்னாடி இருக்கற ஏழை ஒரு மாதிரி, பின்னாடி இருக்கற ஏழை வேற மாதிரி. மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பின்னாடி இருக்கறவங்கள யாரு பண்றாங்கன்னு கேட்டா, எல்லாரும் மாடியக் காட்டறாங்க."

பழசக்காவுக்குக் காது சூடாயிற்று. ஈரத்துணி நிழலில் இருவரும் கீழேயே உட்கார்ந்தார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். பாவாடைக் கோடு வந்ததும், எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்து அழுததைச் சொன்னாள் பழசக்கா. பொழுது போனதே தெரியவில்லை.

எழுந்திருக்கும்போது பேராசிரியை சிரித்துக்கொண்டே கேட்டாள். "என்னப் பாத்தா என்ன தெரியுது?"

பழசக்கா வந்த உடனேயே பார்த்திருந்தாள். கழுத்துப்பட்டி நைந்துபோய், பிரித்துத் திருப்பித் தைத்த சட்டை. பாவம், வெளியே சொல்லாத கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"ஒண்ணும் தெரியலீங்க" என்றாள்.

பேராசிரியையின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. "பொய். இதப் பாத்திருப்பீங்க. எங்கம்மா திருப்பித் தெச்சது. அவங்க போயி ஆறு வருஷமாச்சு. பீரோல புதுசா நிறையச் சட்டை இருக்கு. முக்கியமான வேலைக்குப் போனா இதத்தான் போட்டுக்குவேன்."

பழசக்கா அசந்து போனாள். ஊரார் துணியையெல்லாம் படிக்கத் தெரியும் என்றிருந்தவள், இதைத் தப்பாகப் படித்துவிட்டாளே. கிட்டே போய், "தொட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். தையல் சின்னச் சின்னதாக, எறும்பு வரிசை போல ஓடியது.

"நல்ல கை" என்றாள்.

புத்தகம் அடுத்த வருஷம் வெளிவந்தது. பாவாடைக் கோட்டுக்கு அதில் இரண்டு பக்கம். எதிர்வீட்டுக்காரி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நான் அழுததையுமா எழுதுவாங்க?" என்று வெட்கப்பட்டாள். இப்போது பேராசிரியையையும் சேர்த்து மூன்று பேரும் மாதம் ஒரு படம் போகிறார்கள். மத்தியான ஆட்டம், நடு வரிசை. அந்த ஜன்னல் திரைச்சீலை வாடகை வீட்டில் இருக்குமா, அந்த நர்சுக்கு வீடு எங்கே, அவள் எந்த பஸ்ஸில் வந்திருப்பாள் என்று கடைசி வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். பின்வரிசைக்காரர்கள் 'உஷ்' என்று அதட்டினால், கொஞ்சம் குரலைத் தணித்துக்கொள்வார்கள்.